பம்பிங் குறைந்த இதயம் பைபாஸைத் தாங்குமா?

"ஹார்ட் பம்பிங் முப்பதுதான் இருக்காம். இந்த நிலைமையில நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. தாங்குமா?"

மாமாவுக்கு பைபாஸ் நடந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எனப் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நான் மருத்துவன் இல்லை. மாமாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தவன், அந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தவன், கண்ணில் பட்ட டாக்டர்களையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பிங் குறைந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக பைபாஸ் வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவெடுத்துவிடாதீர்கள். இதயத்துக்கு ரத்தம் தரும் மூன்று குழாயிலும் அடைப்பு, இதயமும் பலவீனம் என்று இருப்பவர்களில் பலருக்கு ஆயுளைக் கூட்டித் தருவது இந்த ஆபரேஷன்தான். அதற்கான ஆபத்தில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும். பலன் பல வருடங்களில் மெதுவாகத்தான் வரும். இந்தக் கணக்கு புரியாததால்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

அந்த 'முப்பது' என்ன என்று பார்த்துவிடுவோம். எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று போட்டிருப்பார்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிறைந்திருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல ஆரோக்கியமான இதயம்கூட நூறு சதவீதம் தள்ளாது. சுமார் 120 மில்லி நிறைந்தால் 70 மில்லி போல வெளியே போகும். ஆக 55-க்கு மேல் இருந்தாலே அது இயல்பான பம்பிங். 'ஐயோ, அறுபதுதான் இருக்கு' என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. அவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். முப்பது என்பது நூற்றுக்கு முப்பது மார்க் இல்லை, இயல்பில் பாதி. கவலைக்குரியதுதான், ஆனால் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இன்னொன்று, எக்கோ எண் ஆளுக்கு ஆள், மெஷினுக்கு மெஷின் ஐந்து புள்ளி வரை முன்பின்னாக வரும். போன மாதம் 33, இந்த மாதம் 30 என்று பதறுவதில் பொருளில்லை.

மாமாவுக்கு அட்டாக் வந்ததே யாருக்கும் தெரியாது. பல வருஷமாக சுகர். சுகர்காரர்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலேயே அட்டாக் வந்து போவதுண்டு, அப்படித்தான் வந்து போயிருக்கிறது. நடந்தால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி படுத்தால் இருமல், சாயங்காலமானால் கால் வீக்கம் என்று பட்டுக்கோட்டையில் காட்டினார்கள். அங்கிருந்து திருச்சிக்கு வந்து ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று குழாயிலும் அடைப்பு. எக்கோவில் 30.

இதயத் தசைக்கு ரத்தம் குறைந்தால் எல்லாமே செத்துப்போய்விடுவதில்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அட்டாக்கில் ஒரு பகுதி தழும்பாகிவிடும். அது திரும்பாது. இன்னொரு பகுதி, கிடைக்கிற கொஞ்ச ரத்தத்தில் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்திவைக்கும். மாமாவின் ஊர் கடைமடை. தண்ணீர் வந்து சேராத வருஷங்களில் பயிர் கருகாமல், வளரவும் செய்யாமல் அப்படியே நின்றுகொண்டிருப்பதை அவர் பார்த்தவர். டாக்டர் விளக்கியதும் அவரே அதைத்தான் சொன்னார். பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இதயநோய் நிபுணர் ஷாபுதீன் ரஹிம்தூலா 1980-களில் இதை 'உறங்கும் இதயத் தசை' என்ற கருத்தாக முன்வைத்தார். ரத்தம் திரும்பக் கிடைத்தால் உறங்கும் தசை எழுந்து வேலை செய்யும் என்பது பலவீனமான இதயத்துக்கு பைபாஸ் செய்வதன் அடிப்படை நம்பிக்கையாக நெடுங்காலம் இருந்தது. இது பிறகு எப்படி மாறியது என்பதற்குக் கீழே வருகிறேன்.

பைபாஸ் புதிய விஷயம் இல்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை வைத்துச் செய்த அறுவை சிகிச்சையிலிருந்து இது உலகமெங்கும் பரவியது. எட்டே வருடத்தில், 1975-ல், நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். இத்தனை பழைய சிகிச்சையாக இருந்தும், 1970-களில் மருந்தையும் பைபாஸையும் ஒப்பிட்டு நடந்த பெரிய ஆய்வுகளில் இதயம் மிகவும் பலவீனமானவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவே இல்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ, யாருக்குத் தெளிவான பதில் மிகவும் தேவையோ, அவர்களுக்கே பதில் இல்லாமல் முப்பது வருடம் ஓடியது. அறுவை நிபுணரின் அனுபவமும் துணிச்சலும்தான் முடிவு செய்தன.

அந்தக் குறையைப் போக்க வந்ததுதான் ஸ்டிச் ஆய்வு. 2002-லிருந்து 2007 வரை, 22 நாடுகளில், இ.எஃப். 35 அல்லது அதற்கும் கீழே இருந்த 1,212 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு மருந்து மட்டும், மறு பாதிக்கு மருந்தோடு பைபாஸ். முதல் முடிவு 2011-ல் வந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் கவனித்ததில் மருந்துக் குழுவில் 41 சதவீதம் பேரும் பைபாஸ் குழுவில் 36 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். வித்தியாசம் தெரிகிறது, ஆனால் தற்செயலாக வந்ததில்லை என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதாக இல்லை. 'பைபாஸால் பலன் நிரூபிக்கப்படவில்லை' என்று அப்போது பலர் எழுதினார்கள்.

நல்லவேளையாக ஆய்வை அங்கே நிறுத்திவிடவில்லை. அதே நோயாளிகளைப் பத்து வருடம் வரை தொடர்ந்து கவனித்து 2016-ல் அடுத்த முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களில் 58.9 சதவீதம். இந்த முறை வித்தியாசம் தெளிவாக நின்றது. நூறு பேருக்கு பைபாஸ் செய்தால், பத்து வருட முடிவில் கூடுதலாக ஏழு பேர் உயிரோடு இருக்கிறார்கள். பாதிப் பேர் உயிரோடிருக்கும் காலம் என்று கணக்கிட்டால் மருந்துக் குழுவில் ஆறே கால் வருடத்தைச் சற்றுத் தாண்டியது, பைபாஸ் குழுவில் ஏழே முக்கால் வருடத்தை நெருங்கியது.

இந்த எண்களைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு என்பது மொத்தக் குழுவுக்கான கணக்கு. அதற்குள் சிலருக்கு ஒன்றுமே கூடாமல் போயிருக்கும், சிலருக்குப் பல வருடம் கூடியிருக்கும். பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற மனிதருக்கு அது சின்ன விஷயமே இல்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. முதல் முப்பது நாளில் பைபாஸ் குழுவில் சுமார் நான்கு சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்துக் குழுவில் ஒரு சதவீதம்தான். ஆரம்பத்தில் வந்த அந்த இழப்பை ஈடுகட்டி பைபாஸ் முன்னுக்கு வர சுமார் இரண்டு வருடம் ஆனது. அதாவது முதல் இரண்டு வருடத்தை மட்டும் பார்த்தால் மாத்திரையே பாதுகாப்பானதாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஆபரேஷன் முடிந்த வாரத்தில் இறந்துபோனால் ஊரே அதைப் பேசும். எட்டாவது வருடத்தில் இறக்காமல் இருப்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பயம் இந்தப் பேச்சில்தான் வளர்கிறது.

என்னை மிகவும் யோசிக்கவைத்தவை அந்த ஆய்வின் துணை அலசல்கள். மூன்று குழாயிலும் அடைப்பு, மிகவும் குறைந்த இ.எஃப்., பெரிதாக வீங்கிப்போன இதயம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தவர்களுக்கு பைபாஸின் பலன் அதிகமாக இருந்தது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தவர்களுக்கும் எதுவுமே இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் நாம் பேசிக்கொள்வதற்கு நேர் எதிர் இது. இதயம் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று நாம் நினைக்கிறோம், அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதனால் பலன் கூடுதல். வயதும் முக்கியம். இளையவர்களுக்குப் பலன் கூடுகிறது. வயது ஏற ஏற இதயம் அல்லாத மற்ற நோய்கள் குறுக்கே வருவதால் மொத்த ஆயுளில் கிடைக்கும் லாபம் குறைகிறது. நடக்கும் திறனையும் பார்த்திருக்கிறார்கள். ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடக்க முடிந்தவர்கள் ஆபரேஷனை நன்றாகத் தாங்கிப் பலனும் அடைந்தார்கள். அந்த அளவுக்கு நடக்க முடியாதவர்களுக்கு ஆரம்ப ஆபத்து கூடுதலாக இருந்தது.

மாமாவின் சர்ஜன் இந்த எண்கள் எதையும் சொல்லவில்லை. ஆனால் அவர் பேசியது எல்லாமே இதுதான் என்று பிறகு படித்தபோது புரிந்தது. மாமா நேராகவே கேட்டார்.

"டாக்டர், முப்பதை வச்சுக்கிட்டு என் நெஞ்சு தாங்குமா?"

"ஐயா, நீங்க இந்த வராண்டாவோட ரெண்டு கோடிக்கும் நடந்துட்டு வர்றீங்க. இப்ப தலைகாணி உயரமில்லாமப் படுக்க முடியுது. கிட்னி நல்லா இருக்கு. எனக்கு அந்த முப்பதை விட இதெல்லாம்தான் முக்கியம்."

அத்தைக்கு மனம் கேட்கவில்லை. "மாத்திரையிலயே சமாளிக்க முடியாதா சார்?"

"சமாளிக்கலாம்மா. இந்த வருஷம், அடுத்த வருஷம்னு பார்த்தா மாத்திரைதான் பத்திரம். ஐயாவுக்கு வயசு அம்பத்தேழு. நாம பத்து வருஷத்தைப் பார்க்கணும்."

வெளியே வந்ததும் மாமா என்னிடம், "மாப்ள, அவரு ஒண்ணும் ஒளிக்கலடா. செய்துக்குவோம்" என்றார். நம்பிக்கை வந்தது டாக்டர் தைரியம் சொன்னதால் இல்லை, ஆபத்தை ஆபத்து என்றே சொன்னதால்.

"ஸ்டென்ட் வைத்துவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டாமே" என்ற கேள்வியும் எல்லா வீட்டிலும் வரும். நியாயமான கேள்வி. பிரிட்டனில் நடந்த ரிவைவ்டு என்ற ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. இ.எஃப். 35 அல்லது அதற்கும் கீழே இருந்த 700 பேரில் பாதிப் பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட், பாதிப் பேருக்கு மருந்து மட்டும். மூன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், இறப்பு அல்லது இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேருவது என்ற அளவுகோலில் ஸ்டென்ட் குழுவில் 37.2 சதவீதம், மருந்துக் குழுவில் 38 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். அது ஸ்டிச் அளவுக்கு நீண்ட காலம் கவனித்த கணக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதோடு இது அட்டாக் வந்த நேரத்தில் அவசரமாக வைக்கும் ஸ்டென்டைப் பற்றிய ஆய்வு இல்லை. அந்த ஸ்டென்ட் உயிர் காப்பது, அதில் சந்தேகமே வேண்டாம். பழைய அடைப்புகளும் பலவீனமான இதயமும் நிதானமாக இருக்கும் நிலையில் 'எளிதாக இருக்கிறது' என்பதற்காக மட்டும் ஸ்டென்டைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் ஆதாரம் போதவில்லை. ஸ்டென்ட் அது உட்காரும் இடத்தை மட்டும் திறந்துவைக்கிறது. பைபாஸில் புதுக் குழாய் அடைப்புகளைத் தாண்டிக் கீழே போய்ச் சேருவதால், நாளைக்கு மேலே புது அடைப்பு வந்தாலும் அந்தத் தசைக்கு ரத்தம் கிடைக்கும். பைபாஸின் நீண்டகாலப் பலனுக்கு இதை ஒரு முக்கியக் காரணமாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆபரேஷனைத் தாங்கவே முடியாத உடல்நிலை என்றால் பேச்சு வேறு, அதை இதய மருத்துவரும் சர்ஜனும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

பலவீனமான இதயத்துக்கு பைபாஸ் செய்வதற்கு முன் செய்கிற வேலைகள் பாதி வெற்றி. மாமாவை உடனே தியேட்டருக்குக் கொண்டுபோகவில்லை. நீர் மாத்திரையும் ஊசியும் கொடுத்து நுரையீரலில் கோத்திருந்த நீரை முதலில் வடித்தார்கள். சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சுகருக்கும் இதயத்துக்கும் சேர்த்துத் தரும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னதாக நிறுத்துவது வழக்கம், இல்லையென்றால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரலையும் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் எழுதித்தர வேண்டும். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

தியேட்டருக்குள் நடப்பதில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஐ.சி.யூ.வில் முதல் நாள் பார்க்கும்போது பயம் குறையும். இதயத்தை நிறுத்திவிட்டு மெஷினில் ஓட்டிச் செய்யும்போது, பலவீனமான இதயம் மறுபடி முழு வேகத்துக்கு வர நேரம் எடுக்கும். அதற்கு மருந்துகள் போகும். போதாதபோது பலூன் பம்ப் வைப்பார்கள். தொடை வழியாக மகாதமனிக்குள் நீளமான பலூன் ஒன்றைச் செலுத்துவார்கள். இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் அது விரிந்து இதயக் குழாய்களுக்கு ரத்தத்தைத் தள்ளும், இதயம் சுருங்கும் நொடியில் சுருங்கி அதன் சுமையைக் குறைக்கும். மாமாவுக்கும் வைத்திருந்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அது இல்லை, மாமாவுக்கு இருக்கிறது என்று பார்த்ததும் அத்தை தளர்ந்துபோனார். முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் வைத்தார்கள் என்பதை நர்ஸ் வந்து பொறுமையாக விளக்கிய பிறகுதான் ஒரு வாய் காபி குடித்தார்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து எக்கோ எடுப்பார்கள். எல்லோரும் காத்திருப்பது அந்த எண்ணுக்குத்தான். சிலருக்கு முப்பது நாற்பதாகும், சிலருக்கு ஏறவே ஏறாது. மாமாவுக்கு 34 என்று வந்தது. "இதுக்கா இவ்வளவு பாடு" என்று ஒரு உறவினர் அவர் முன்னாலேயே கேட்டுவிட்டார். உறங்கும் தசை பற்றி மேலே சொன்னது மாறியது இங்கேதான். ஸ்டிச் ஆய்வில் 601 பேருக்கு உயிருள்ள தசை எவ்வளவு இருக்கிறது என்று தனியாகப் பரிசோதித்துப் பார்த்தார்கள். உயிருள்ள தசை அதிகம் இருந்தவர்களுக்குத்தான் பைபாஸ் பலன் தரும் என்று எதிர்பார்த்தார்கள், அப்படி எதுவும் நிரூபணம் ஆகவில்லை. இ.எஃப். ஏறியதற்கும் பின்னால் வந்த மரணத்துக்கும்கூடத் தொடர்பு தெரியவில்லை. அப்படியானால் பைபாஸின் பலன் எண்ணை ஏற்றுவதில் மட்டும் இல்லை. அடுத்த அட்டாக்கும் திடீர் மரணமும் வராமல் காப்பதிலும் அது இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 34-லேயே மாமா காலையில் வாய்க்கால் கரை வரை நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். மூன்று மாதத்துக்குப் பிறகும் எண் 35-ஐத் தாண்டாதவர்களுக்கு, திடீர் இதய மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி வேண்டுமா என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வரி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸ் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் அட்டையை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு மாத்திரை. "அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. ஸ்டிச்சில் பைபாஸ் செய்தவர்கள் அத்தனை பேரும் மருந்தும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பைபாஸ் புதுக் குழாய்களைத் தந்தது, இதயம் அதே இதயம்தான். அந்த ஆய்வு தொடங்கியபோது இல்லாத நல்ல மருந்துகளும் இன்று வந்துவிட்டன. பீட்டா பிளாக்கர், சாக்குபிட்ரில் வல்சார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன், மேலே சொன்ன டாபாக்ளிஃப்ளோசின் வகை என்று நான்கும் சேர்ந்துதான் பலவீனமான இதயத்தைக் காக்கின்றன. கூடவே ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் மட்டும் வேண்டவே வேண்டாம். அவை உடலில் நீரைத் தேக்கி, கிட்னியையும் கெடுத்து, திரும்பவும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டில் ஏறியதில்லை, நீர். உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் மாமா வீட்டில் இப்போது வருவதே இல்லை, அதில் அத்தை கறாராக இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. ஸ்டிச் ஆய்வில் சேர்ந்தவர்களில் பெண்கள் 12 சதவீதம் மட்டுமே. ஆய்வில் மட்டும் இல்லை, நாங்கள் இருந்த வார்டிலும் ஏறக்குறைய எல்லாப் படுக்கையிலும் ஆண்கள்தான். பெண்களுக்கு இந்த நோய் வராமல் இல்லை. 'வயசாச்சு, வெயிட் போட்டுட்டேன், அதான் மூச்சு வாங்குது' என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், நாமும் கேட்டுக்கொண்டு போய்விடுகிறோம். உங்கள் வீட்டில் சுகரோ பிரஷரோ உள்ள அம்மா, அத்தை, பெரியம்மா யாராவது கொஞ்ச நாளாகப் படி ஏற நின்று நின்று ஏறுகிறார்கள் என்றால், ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்றால், இந்த வாரமே கூட்டிப்போய் ஒரு இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துவிடுங்கள்.